இருதயத்தைக் காக்கும் பஞ்ச வர்ணம்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பொழுது புலரும்போதே காய்கறிக் கூடைகள் வந்து இறங்கிவிடுகின்றன. தண்ணீர் தெளித்த கீரைக் கட்டுகள், தோல் பளபளக்கும் கத்தரிக்காய், கீற்றுப் போட்டு வைத்த பரங்கிக்காய், மண் வாசனை போகாத பீட்ரூட், குவித்து வைத்த தக்காளி என்று வீதியின் ஓரம் முழுவதும் ஒரு கோலம் போட்டாற்போல் இருக்கிறது. கபாலீசுவரரைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் கையில் பையுடன் அங்கே நிற்கிறார்கள்.

அந்தப் பைகளில் பெரும்பாலும் என்ன போகிறது? உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைக்காய். மூன்றும் ரோஸ்ட்டுக்கு உகந்தவை. மூன்றுக்கும் நிறம் ஏறக்குறைய ஒன்றே. 

"சார், முளைக்கீரை பசேல்னு இருக்குது, ஒரு கட்டு எடுத்துக்கினு போங்க" என்று கடைக்காரப் பெண்மணி சொல்கிறாள்.

"வேண்டாம்மா, வீட்டிலே யார் உட்கார்ந்து ஆய்கிறது?" என்று பெரியவர் நகர்கிறார்.

இத்தகைய பேச்சு தினந்தோறும் நூறு முறை நடைபெறுகிறது. கேட்பதற்கு அற்பமான விஷயம்தான். ஆனால் அந்தக் கீரைக் கட்டு பைக்குள் போகிறதா, கூடையிலேயே தங்குகிறதா என்பதில் ஒரு குடும்பத்தின் இருதய நலம் ஓரளவு அடங்கியிருக்கிறது. இப்படிச் சொல்வது சமையற்கட்டு வேதாந்தம் அன்று. சென்னைவாசிகளையே பரிசோதித்து வைத்தியர்கள் கண்டறிந்த உண்மை.

தியாகராய நகரில் நடந்த கணக்கெடுப்பு

ஆடைக்கும் ஆபரணத்துக்கும் பேர்போனது தியாகராய நகர். அங்கேயே பாரதி நகர் என்று எளிய மக்கள் வாழும் குடியிருப்பு ஒன்றும் உண்டு. 1996-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சிக்காக டாக்டர் வி. மோகன் தலைமையிலான குழுவினர் இந்தப் பாரதி நகரையும், திருமங்கலத்தில் மத்தியதர வகுப்பினர் வாழும் ஆசியாட் காலனியையும் தேர்ந்தெடுத்தார்கள். வீடு வீடாகச் சென்று, 20 வயதுக்கு மேற்பட்டவர்களை அழைத்து, ரத்தம், ரத்தக் கொதிப்பு, இருதயத் துடிப்புப் படம் யாவற்றையும் பார்த்தார்கள். மொத்தம் 1,262 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய ரத்தக்குழாய் நோய் இருப்பது தெரிந்தது. ஒன்பது பேருக்கு ஒருவர் என்று வைத்துக் கொள்ளலாம்.

இருதயத்தின் பரம சத்துருவான நீரிழிவைப் பற்றியும் கணக்கெடுத்தார்கள். வசதியுள்ள காலனியில் அது நூற்றுக்கு 12.4 பேருக்கு இருந்தது. பாரதி நகரிலோ 6.5 பேருக்குத்தான். "ஏழைக்கு இந்த வியாதி எங்கே வரப்போகிறது? அவன் உழைக்கிறான், கிடைத்ததைச் சாப்பிடுகிறான்" என்று பலரும் சமாதானம் அடைந்திருக்கக்கூடும்.

அந்தச் சமாதானம் நீடிக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அதே இடங்களுக்கு அதே குழுவினர் மறுபடியும் சென்றார்கள். முடிவு 2011-ல் வெளியாயிற்று. வசதியுள்ள காலனியில் நீரிழிவு 12.4 சதவீதத்திலிருந்து 15.4 சதவீதமாக ஏறியிருந்தது. பாரதி நகரிலோ 6.5 சதவீதம் 15.3 சதவீதமாகப் பாய்ந்திருந்தது! பணக்காரர் நோய் என்று பெயர் எடுத்தது, பத்தே ஆண்டுகளில் ஏழையின் குடிசைக்கும் குடிவந்துவிட்டது. வருமானம் சமமாகவில்லை, வியாதி மட்டும் சமமாகிவிட்டது.

இந்த மாறுதலுக்கு ஒரே காரணம் கிடையாது. நடை குறைந்தது, இடுப்பு பெருத்தது, புகையிலையும் மனக்கவலையும் சேர்ந்தன. அவற்றோடு சாப்பாட்டுத் தட்டின் நிறமும் மாறியது. அதுவும் கவனிக்கத் தக்க காரணம்.

வெள்ளைத் தட்டு

2001-ல் அதே ஆராய்ச்சி நிலையத்தார் சென்னை நகரம் முழுவதிலுமாக 26,001 பேரைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 2,042 பேரிடம் "என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?" என்று துருவித் துருவி விசாரித்தார்கள். கிடைத்த விடை இதுதான்: ஒரு நாளில் தேகத்துக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறையப் பாதி, அதாவது 45.8 சதவீதம், தீட்டிய தானியத்திலிருந்து வருகிறது. சென்னையில் தீட்டிய தானியம் என்றால் முக்கியமாக வெள்ளை அரிசிதான். காலையில் இட்டிலி, மத்தியானம் சாதம், மாலையில் தோசை, இரவில் தயிர் சாதம். உருவம் நான்கு, சரக்கு ஒன்று.

காய்கறியும் பழமும் சேர்ந்து சராசரியாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 265 கிராம்தான். உலக சுகாதார ஸ்தாபனம் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது. அதிலும் உருளை முதலிய மாவுக் கிழங்குகளைச் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிலையம் 2024-ல் வெளியிட்ட உணவுக் குறிப்புகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், ஆக 500 கிராம் என்பது அவற்றின் கணக்கு. சென்னைவாசி அதில் பாதியைத்தான் தாண்டியிருக்கிறார்.

காய்கறி அதிகம் உண்டவர்களுக்கு நன்மை இருந்ததா? அதையும் பார்த்தார்கள். அதே கணக்கெடுப்பிலிருந்து 983 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காய்கறியும் பழமும் மிகுதியாக உண்டவர்களுக்கு, மிகக் குறைவாக உண்டவர்களைவிட ரத்தக் கொதிப்பு குறைவு. இடுப்பின் சுற்றளவு குறைவு. ரத்தத்தில் மொத்தக் கொழுப்பும், கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படுவதும் குறைவு. மற்ற பழக்கங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நிலைத்து நின்றது. இது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ பார்த்த கணக்கு அல்ல. சாம்பாரும் ரசமும் சாப்பிடும் சென்னைக்காரர்களிடமே கண்ட கணக்கு.

ஐந்து ஆண்டு முந்திக்கொள்ளும் நோய்

உலகின் 52 நாடுகளில், மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப் அதற்குத் தலைமை வகித்தார். 2004-ல் வெளியான அதன் முடிவு, புகை, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு, தொந்தி, மனவேதனை, உடலுழைப்பின்மை, காய்கறி பழங்களின் குறைவு முதலிய ஒன்பதும் சேர்ந்தே மாரடைப்பு அபாயத்தில் மிகப் பெரும் பகுதிக்குக் காரணமாகின்றன என்று கூறியது. "தலையெழுத்து" என்று நாம் தள்ளிவிடுவதில் பெரும்பகுதி நம் கையெழுத்துதான் என்று அதற்குப் பொருள்.

அந்த ஆராய்ச்சியிலிருந்து தெற்கு ஆசியர்களை மட்டும் பிரித்து 2007-ல் கணக்குப் பார்த்தார்கள். மற்ற நாட்டாருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 58.8 வயதில் வருகிறது. நம்மவர்களுக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிராது. பையன் படிப்பை முடித்திருக்கமாட்டான். வீட்டுக் கடன் தீர்ந்திராது. அந்தச் சமயத்தில் சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பம் என்னாவது? அதே கணக்கில் இன்னொரு விவரமும் இருக்கிறது. மாரடைப்பு வராதவர்களிலேயே, தினந்தோறும் காய்கறியும் பழமும் உண்பவர்கள் பிற நாடுகளில் நூற்றுக்கு 45 பேர். தெற்கு ஆசியாவில் 26 பேர்.

குன்னூர் எலிகள் சொன்ன புத்தி

இந்த எச்சரிக்கை புதியது என்று நினைக்க வேண்டாம். நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ல் ஸர் ராபர்ட் மக்காரிஸன் என்ற டாக்டர் சிறிய ஆராய்ச்சிச் சாலை ஒன்றைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய போஷாக்கு நிலையமாக விளங்குகிறது. மக்காரிஸன் ஒரு விநோதமான பரிசோதனை செய்தார். எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் ஆகாரம். மற்றொன்றுக்குப் பட்டாணியர் ஆகாரம். இப்படியே மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளிகள், கடைசியாகச் சென்னை ராஜதானி மக்கள் ஆகிய ஒவ்வொருவருடைய ஆகாரத்தையும் ஒவ்வொரு கூட்டத்துக்குக் கொடுத்தார்.

முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி, பழம் ஆகியவை கலந்த சீக்கியர் ஆகாரம் உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை ஆகாரம் உண்ட எலிகளே எடையில் கடைசி. மனிதன் எலி அல்லன் என்பது மெய்தான். இருதய நோயை ஆராய்ந்த பரிசோதனையும் அல்ல அது. ஆனாலும் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம்முடைய தட்டில் சோறு மிகுதி, சேர்மானம் குறைவு என்று குன்னூர் எலிகள் எடுத்துக்காட்டிவிட்டன.

நிறத்தில் என்ன இருக்கிறது?

செடிகள் அலங்காரத்துக்காக நிறம் பூசிக்கொள்வதில்லை. சூரிய ஒளியைப் பிடிக்கவும், அதன் கடுமையிலிருந்து தப்பவும், வண்டையும் பறவையையும் அழைக்கவும் அவை பலவகை நிறப்பொருள்களை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு நிறத்தோடும் வெவ்வேறு சத்துகள் கூட்டாக வருகின்றன. ஆகவே தட்டில் நிறங்கள் பலவாக இருந்தால் சத்துகளும் பலவாக இருக்கும் என்று எளிதில் கண்டுகொள்ளலாம். கிராம் கணக்கும் கலோரிக் கணக்கும் தெரியாத பாட்டிக்கும் நிறம் தெரியும் அல்லவா?

பச்சை: முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, முருங்கை என்று சென்னையில் கீரைக்குப் பஞ்சமில்லை. கீரையில் பொட்டாசியம், மக்னீசியம், போலிக் அமிலம், நார்ச்சத்து ஆகியவை உள்ளன. பொட்டாசியம், உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீரின் வழியே வெளியேற்ற உதவுகிறது. அதனால் ரத்தக் கொதிப்பு தணிகிறது. கீரையிலுள்ள நைட்ரேட் என்னும் பொருள் வாயிலும் வயிற்றிலும் மாறுதல் அடைந்து, ரத்தக்குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்கிறது.

சிவப்பு: தக்காளி, தர்ப்பூசணி, சிவப்புக் கொய்யா ஆகியவற்றின் நிறம் லைகோபீன் என்ற பொருளால் வருவது. தக்காளியைப் பச்சையாகத் தின்பதைவிட, சிறிது எண்ணெயில் வதக்கிச் சமைத்தால் இந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தக்காளித் தொக்கும் தக்காளி ரசமும் விஞ்ஞானத்துக்கு ஒத்தவையே. உப்பு மட்டும் அளவோடு இருக்க வேண்டும். பீட்ரூட்டின் சிவப்பு வேறு வகை. அதில் கீரையைப் போலவே நைட்ரேட் மிகுதி.

மஞ்சள்: பரங்கிக்காய், காரட், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் கரோட்டீன் இருக்கிறது. உடம்பு அதை 'ஏ' வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. பரங்கிக்காயைக் கல்யாண வீட்டுக் காய் என்று ஒதுக்குகிறவர்கள் அதன் அருமையை அறியாதவர்கள்.

ஊதா: கத்தரிக்காயின் தோல், நாவற்பழம், கறுப்புத் திராட்சை, ஊதா முட்டைக்கோஸ், செட்டிநாட்டுக் கறுப்புக் கவுனி அரிசி ஆகியவற்றின் நிறத்துக்கு ஆந்தோசயனின் என்று பெயர். சத்து தோலில் இருப்பதால் கத்தரிக்காயைத் தோலோடு சமைப்பதே லாபம்.

வெள்ளை: வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, வாழைத்தண்டு, வெண்பூசணி ஆகியவையும் நல்லவையே. வெள்ளை என்றாலே விரோதி என்று எண்ணிவிடக் கூடாது. குறைக்க வேண்டிய வெள்ளைகள் நான்கு: தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை, உப்பு.

மாத்திரை ஏன் உதவவில்லை?

அடையாற்றில் காலை நடை போகிறவர்களுக்குக் குறைவில்லை. நடந்து முடித்ததும் பழரசக் கடையில் நிற்பவர்களும், "காய்கறி எதற்கு? அதன் சாரம் முழுவதும் மாத்திரையில் வருகிறதே!" என்று புட்டியைக் காட்டுகிறவர்களும் அவர்களிடையே உண்டு. இவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு சரித்திரம் இருக்கிறது.

காரட்டின் மஞ்சள் நிறப் பொருளான கரோட்டீனைத் தனியே பிரித்து மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோயும் இருதய நோயும் குறையும் என்று ஒரு காலத்தில் பெரிதும் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு பரிசோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது டாக்டர்களே திகைத்துப் போனார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகமாகியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதே போன்ற மற்றொரு பரிசோதனையை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

கரோட்டீன் கெட்டது என்பது இதன் பொருள் அல்ல. ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் நாரோடும் நீரோடும் பிணைந்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்தால், கச்சேரியில் மற்ற வித்வான்களை அனுப்பிவிட்டுக் கடம் வாசிப்பவரை மட்டும் உட்கார வைத்த கதையாகிவிடும்.

முழு ஆகாரமாகச் சாப்பிட்டால் பலன் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் 459 பேருக்கு அளந்து சமைத்துப் போட்டுப் பார்த்தார்கள். காய்கறியும் பழமும் மிகுந்த ஆகாரம் உண்டவர்களுக்குச் சில வாரங்களிலேயே ரத்தக் கொதிப்பு இறங்கிற்று. அதோடு கொழுப்பு நீக்கிய பால், தயிர் சேர்த்து, நெய் வெண்ணெய் வகையறாக்களையும் குறைத்தபோது இன்னும் இறங்கிற்று. மோரும் கீரையும் நமக்குப் புதியவையா என்ன?

பழரசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழத்தைப் பிழிந்து வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரை மட்டும் விரைவில் ரத்தத்தில் ஏறுகிறது. மேலே இரண்டு கரண்டி சர்க்கரையும் விழுந்தால் கேட்க வேண்டியதே இல்லை. பழத்தைக் கடித்துத் தின்பதே நல்லது.

பொய்ச் சாயம்

நிறம் வேண்டும் என்றால் எல்லா நிறமும் வேண்டும் என்று பொருள் அல்ல. கடைத்தெருவில் பளபளக்கும் நிறங்களில் பொய்யும் உண்டு. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசாங்கம் அத்தகைய பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. பச்சைப் பட்டாணியிலும் வெண்டைக்காயிலும் மாலகைட் பச்சை என்ற சாயத்தை ஏற்றுகிற வழக்கமும் உண்டு. திரவப் பாரபினில் நனைத்த பஞ்சினால் காயின் மேல்தோலைத் துடைத்துப் பார்த்தால், சாயமாக இருந்தால் பஞ்சு பச்சையாகிவிடும். பட்டாணியைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறப் போட்டாலும் கள்ளம் வெளிப்பட்டுவிடும்.

வீட்டிலும் ஒரு பொய் நடக்கிறது. கீரையின் பச்சை மாறாமல் இருப்பதற்காக ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போடுகிறார்கள். நிறம் நிற்கிறது, வைட்டமின் போய்விடுகிறது, கூடவே சோடியமும் ஏறுகிறது. கீரையை முதலில் அலம்பி, பிறகு நறுக்கி, குறைந்த தண்ணீரில் விரைவில் வேக வைப்பதே சரியான முறை. காய் வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்திலோ சாம்பாரிலோ சேர்த்துவிட வேண்டும்.

விலைதான் பெரிய கேள்வி

"எல்லாம் சரி, இந்த விலைக்கு எப்படி வாங்குவது?" என்று பாரதி நகர்த் தாய் ஒருத்தி கேட்டால், அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் விடை இல்லை. தேசிய நிலையத்தின் கணக்குப்படி, நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 1,600 கிராம் காய்கறியும் 400 கிராம் பழமும் வேண்டும். பல வீடுகளில் கால் கிலோ பீன்ஸை நான்கு பேர் பகிர்ந்து கொள்கிறார்கள்.

இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், ஜிம்பாப்வே ஆகிய குறைந்த வருமானமுள்ள நாடுகளைப் பற்றி 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஒருவர் நாளுக்கு இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காய்கறியும் வாங்க வேண்டுமானால் குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல், 52 சதவீதம், செலவாகும் என்று கணக்கிட்டது. அது ஒருவருக்கு மட்டும்! ஏழை காய்கறி தின்னாததற்கு அறியாமையே காரணம் என்று சொல்லும் உபதேசிகள் இந்த எண்ணை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும். ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, கீரை கிடைப்பதில்லை. தட்டு வெளுத்துப் போனதில் வியப்பு என்ன?

ஆனாலும் முற்றிலும் கைவிரிக்க வேண்டியதில்லை. அதே ஆராய்ச்சியாளர்கள் 18 நாடுகளில் 1,35,335 பேரைப் பின்தொடர்ந்து 2017-ல் ஒரு முடிவு சொன்னார்கள். காய்கறி, பழம், பயறு மூன்றும் சேர்ந்து நாளுக்கு 375 முதல் 500 கிராம் வரை உண்டாலே, ஆயுள் சம்பந்தமான பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறதாம். வண்டி வண்டியாகத் தின்ன வேண்டியதில்லை. பயறும் இந்தக் கணக்கில் சேர்கிறது என்பது நமக்கு நல்ல செய்தி. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் ஒன்பது நிறத்தில் சுண்டல் செய்யும் வீட்டில், மற்ற நாட்களிலும் வாரம் இரண்டு முறை செய்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

சீமைப் பழங்களைத் தேடிப் போகவும் வேண்டாம். பெட்டியில் வரும் நீலநிறச் சீமைப் பழத்துக்குப் பதில் ஆனி, ஆடியில் கிடைக்கும் நாவற்பழம். ஆப்பிளுக்குப் பதில் கொய்யா. ஆரஞ்சுக்குப் பதில் நெல்லிக்காய். 'சி' வைட்டமினில் கொய்யாவும் நெல்லியும் ஆரஞ்சைத் தோற்கடித்துவிடும். கொல்லையில் ஒரு முருங்கை இருந்தால் அது ஒரு சிறிய வைத்தியசாலை. கொல்லை இல்லாத அடுக்கு வீட்டுக்காரர்கள் மாடியில் இரண்டு தொட்டி வைத்தால் சிறுகீரை வளரும். அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் குவிவதை வாங்குவதே சிக்கனத்துக்கும் தேகத்துக்கும் ஏற்றது.

சிலருக்கு மட்டும் எச்சரிக்கை

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் மிகுதியான கீரையும் பழமும் தீங்கு செய்யக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க 'வார்பரின்' போன்ற மருந்து உண்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள 'கே' வைட்டமின் அந்த மருந்தின் வேலையில் குறுக்கிடும். நீரிழிவுக்காரர்கள் மாம்பழம், பலாப்பழம் முதலியவற்றை அளந்தே உண்ண வேண்டும். இவர்கள் யாவரும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

முக்கியமாக, ரத்தக் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை, "பீட்ரூட் சாப்பிடுகிறேனே!" என்று நிறுத்திவிடக் கூடாது. காய்கறி காவற்காரன், ஏற்கெனவே திருடன் புகுந்துவிட்ட வீட்டுக்குப் போலீஸும் வேண்டும். மார்பில் அழுத்தமும் வியர்வையும் இடது கைக்குப் பரவும் வலியும் கண்டால், பூண்டைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இலையின் மேற்பாதி

தமிழன் விருந்துக்கு இலை போடும் முறையை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் போதும். இலையின் மேற்பாதியில் பச்சடி, கோசுமல்லி, கறி, கூட்டு, அவியல் என்று வரிசையாக வந்து அமருகின்றன. கீழ்ப்பாதியில்தான் சோறு. தட்டில் ஏறக்குறையப் பாதி காய்கறி, பழம், கீரையாக இருக்க வேண்டும் என்று இன்றைய போஷாக்கு நிபுணர்கள் படம் போட்டுக் காட்டுகிறார்கள். இலையைக் குறுக்கே பிரித்து முன்னோர் வைத்த ஏற்பாடும் அதுவேதான்.

விருந்து நாளில் நினைவிருக்கும் அந்த ஏற்பாடு, மறுநாள் திங்கட்கிழமை மறந்துபோகிறது. ஆபீஸ் டப்பாவில் எலுமிச்சம்பழ சாதமும், பள்ளிக்கூட டப்பாவில் உருளை வறுவலும் போகின்றன. மேற்பாதி காலியாகிறது, கீழ்ப்பாதி மேலேறி இலை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது.

அதைத் திருப்புவதற்குப் பெரிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து, காயில் ஒரு கரண்டி கூட்டினால் போதும். தினமும் மூன்று நிறம், வாரத்துக்குள் ஐந்து நிறமும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால், குழந்தைகளே எண்ணிப் பார்த்து, "அம்மா, இன்றைக்கு ஊதா இல்லையே?" என்று நினைவூட்டிவிடுவார்கள். கீரை ஆய்வது பெண்களின் வேலை என்ற எண்ணத்தையும் மூட்டை கட்டி வைக்கலாம். வேலை ஓய்வு பெற்றுப் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், அரசியலைப் பேசிக்கொண்டே ஒரு கட்டு முளைக்கீரையை ஆய்ந்துவிடலாம். பத்து நிமிஷ வேலை.

நாளைக் காலையிலும் தெற்கு மாட வீதியில் கூடைகள் வந்து இறங்கும். கீரைக்காரப் பெண்மணி கட்டாயம் கூப்பிடுவாள். "யார் ஆய்கிறது?" என்ற கேள்விக்கு, "நானே ஆய்கிறேன்" என்று பதில் சொல்லிப் பையை நீட்டுகிறவரின் வீட்டில், 53-வது வயது பயமில்லாமல் வந்து போக அவ்வளவு அதிக வழி உண்டு.